சேனல் ஒன்றுதான், மேட்ச்தான் வேறு

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் ஹார்ட்ஃபோர்ட் பக்கத்தில் என் வீட்டு சோபாவில், நண்பன் ஸ்டாம்ஃபோர்டில் அவன் வீட்டு சோபாவில். இரண்டு ஊரும் கனெக்டிகட் மாநிலம்தான், ரோட்டில் கூட்டம் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆளுக்கொரு போனை ஸ்பீக்கரில் போட்டு அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திடீரென்று அவன், "அடப்பாவி, பந்தைக் கொண்டுபோய் அவன் கையிலேயே குடுத்துட்டான் பாரு" என்று கத்துகிறான். என் டி.வி.யில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, டிரக் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எந்தச் சேனல் வெச்சிருக்க?"

"சி.பி.எஸ்."

"நானும் சி.பி.எஸ்.தான்டா."

சரி, யாரோ ஒருவர் வீட்டில் ஒளிபரப்பு தாமதமாக வருகிறது போல என்று அஞ்சு நிமிஷம் அதையே ஆராய்ந்தோம். கடைசியில் அவன் சட்டை நிறத்தைச் சொன்னபோதுதான் விளங்கியது. அவன் திரையில் பச்சைச் சட்டை, என் திரையில் கருநீலம். அவனுக்கு நியூயார்க் ஜெட்ஸ், எனக்கு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். ஒரே சேனல், ஒரே நேரம், கீழே ஸ்கோர் காட்டும் பட்டைகூட ஒரே டிசைன். அரை மணி நேரமாக இரண்டு வேறு மேட்ச்களைப் பற்றி ஒன்றாக விவாதித்திருக்கிறோம், அதுவும் ஒத்துப்போய்!

அதற்கு முன் நான் கான்சஸில் ஓவர்லேண்ட் பார்க்கில் இருந்தேன். அங்கே இந்தக் கேள்வியே எழாது. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி ஆனால் டி.வி.யில் பக்கத்துக் கான்சஸ் சிட்டியின் டீமான சீஃப்ஸ், கடையில் சிவப்புச் சட்டை, பக்கத்து வீட்டிலிருந்து கூச்சல். இந்த ஆட்டத்தை (காலால் உதைக்கும் ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) அங்கேதான் கற்றுக்கொண்டேன். இந்தியா கிரிக்கெட் ஆடினால் கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் ஒரே படம் ஓடுகிற மாதிரி, நான் பார்ப்பதைத்தான் அமெரிக்கா முழுக்கப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2016-ல் வேலை மாற்றிக் கனெக்டிகட் வந்த முதல் ஞாயிறு டி.வி.யைப் போட்டால் சீஃப்ஸைக் காணோம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, ஸ்கோர் திரை ஓரத்தில் ஓடுகிறது, படம் மட்டும் கிடையாது. அன்றைக்குத் தொடங்கிய ஆராய்ச்சிதான் இது.

என்.எஃப்.எல். என்ற இந்த லீக்கில் மொத்தம் 32 டீம், சீசனுக்கு 272 மேட்ச், அதில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரை நேரப்படி ஒரு மணிக்கு ஒரே சமயத்தில் எட்டு ஒன்பது மேட்ச்கூட நடக்கும். அப்புறம் நாலு மணி வாக்கில் மூன்று நாலு. இவை எல்லாவற்றையும் சி.பி.எஸ்., ஃபாக்ஸ் என்ற இரண்டே நெட்வொர்க்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஞாயிறு இரவு, திங்கள் இரவு, வியாழன் இரவு ஆட்டங்கள் நாடு முழுக்க ஒன்றுதான், அதில் வம்பில்லை. வம்பெல்லாம் பகலில்தான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு மேட்ச்தான் காட்ட முடியும், கையில் நாலைந்து இருக்கிறது. எந்த ஊருக்கு எது?

ஊர் என்றால் மாநிலமோ மாநகராட்சியோ இல்லை. டி.வி. ரேட்டிங் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் நாட்டை 210 டி.வி. மார்க்கெட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது நியூயார்க், எழுபது லட்சத்துக்கு மேல் டி.வி. வீடுகள். எல்லாவற்றிலும் சின்னது மொன்டானாவில் இருக்கும் கிளென்டைவ், சுமார் நாலாயிரம் வீடுகள். பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எல்லைதான் மார்க்கெட் எல்லை. கனெக்டிகட்டில் ஃபேர்ஃபீல்டு கவுண்டி மட்டும் நியூயார்க் மார்க்கெட், மிச்ச மாநிலம் ஹார்ட்ஃபோர்ட்–நியூஹேவன் மார்க்கெட். ஐ-95 நெடுஞ்சாலையில் போகும்போது ஹௌசடானிக் ஆற்றுப் பாலம் வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மில்ஃபோர்ட், அந்தப் பக்கம் ஸ்ட்ராட்ஃபோர்ட். ஒரு கரையில் ஒரு மேட்ச், மறுகரையில் வேறொரு மேட்ச் ஓடலாம். ஸ்ட்ரீமிங்கில் பார்த்தாலும் தப்ப முடியாது, இருப்பிடத்தை வைத்து உள்ளூர் ஸ்டேஷனைத்தான் (நெட்வொர்க்கை அந்த ஊரில் ஒளிபரப்புகிற நிலையம்) கொடுப்பான்.

இனி விதிகள். முதல் விதி சுலபம்: டீமின் சொந்த மார்க்கெட்டில் அந்த டீமின் மேட்ச் கட்டாயம் வரும். கான்சஸ் சிட்டி ஸ்டேஷன் நினைத்தால்கூட சீஃப்ஸுக்குப் பதில் வேறு மேட்ச் போட முடியாது. இதற்கு அடுத்த அடுக்குதான் சுவாரசியம். மைதானத்திலிருந்து 75 மைல் வட்டத்துக்குள் சிக்னல் போகிற பக்கத்து மார்க்கெட்டுகளை இரண்டாம்நிலை மார்க்கெட் என்று லீக் குறித்து வைத்திருக்கிறது, அந்த டீம் வெளியூரில் ஆடும்போது இவர்களும் அதைக் காட்டியாக வேண்டும். நடு பென்சில்வேனியாவில் யார்க், ஹாரிஸ்பர்க் பக்கம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் ஏராளம், ஆனால் பால்டிமோர் பக்கத்தில் இருந்து தொலைத்ததால் ரேவன்ஸ் மேட்ச் தலையில் வந்து விழும். ரேவன்ஸும் ஸ்டீலர்ஸும் கீரியும் பாம்பும். நம்ம வீட்டு ஹாலில் எதிரி டீம் வந்து உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்?

இந்த 75 மைல் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் கதை அறுபது எழுபது வருஷம் பின்னால் போகிறது. அந்தக் காலத்தில் லீக்கின் பயமே வேறு. டி.வி.யில் காட்டினால் மைதானத்துக்கு எவன் டிக்கெட் வாங்கி வருவான்? அதனால் சொந்த ஊர் ஆட்டத்தைச் சொந்த ஊரில் காட்டவே மாட்டார்கள். 1953-ல் நீதிமன்றமும் அதற்குச் சரி என்று சொல்லிவிட்டது. அரங்கு நிறைந்திருந்தாலும் காட்டமாட்டார்கள், இறுதி ஆட்டமாக இருந்தாலும் காட்டமாட்டார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஞாயிறு காலையில் காரை எடுத்துக்கொண்டு கனெக்டிகட் வந்து, மோட்டலில் அறை போட்டு, ஹார்ட்ஃபோர்ட் ஸ்டேஷனின் சிக்னலில் தங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இருட்டியதும் திரும்பிப் போனார்கள். நான் இன்றைக்கு உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருக்கும் இதே ஹார்ட்ஃபோர்ட் சேனலுக்காக மனிதர்கள் அறை வாடகை கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு என் ஆன்டெனா மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

இந்தத் தடையை உடைத்ததில் ஜனாதிபதிக்கே பங்கு உண்டு. 1972 டிசம்பரில் வாஷிங்டன் டீம் பிளேஆஃபுக்கு வந்தது, ஆட்டமும் வாஷிங்டனிலேயே. அந்த டீமின் தீவிர ரசிகரான நிக்சனுக்கு வெள்ளை மாளிகை டி.வி.யில் வராது! அட்டர்னி ஜெனரலை விட்டு லீக் கமிஷனர் பீட் ரோசலிடம் கேட்டுப் பார்த்தார்கள். ரோசல் முடியாது என்றுவிட்டார். மறுவருஷம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமே போட்டது: ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் டிக்கெட் முழுக்க விற்றிருந்தால் உள்ளூரில் காட்டித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கென்று போட்ட சட்டம் காலாவதியானாலும் லீக் அந்த ஏற்பாட்டைத் தானாகவே தொடர்ந்தது. டிக்கெட் மிஞ்சினால் ஊரே இருட்டு. 2014 ஜனவரியில்கூட கிரீன் பே உட்பட மூன்று ஊர்களில் பிளேஆஃப் டிக்கெட் மீந்துபோய், உள்ளூர் நிறுவனங்கள் மிச்சத்தை வாங்கி ஒளிபரப்பைக் காப்பாற்றின. அந்த வருஷம் செப்டம்பரில் அரசின் தகவல்தொடர்பு ஆணையம் தன் பக்க விதியைக் கைவிட்டது, 2015-லிருந்து லீக்கும் தடையை நிறுத்தி வைத்தது.

எந்த மேட்ச் எந்த நெட்வொர்க்குக்கு என்பதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 32 டீமும் ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு பிரிவு. வெளியூரிலிருந்து வந்து ஆடுகிற டீம் ஏ.எஃப்.சி. என்றால் சி.பி.எஸ்., என்.எஃப்.சி. என்றால் ஃபாக்ஸ். ஏன் வந்த டீமை வைத்துப் பிரித்தார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. சொந்த ஊர் ஆட்டம் டி.வி.யில் வராத காலத்தில் ஒரு ரசிகன் பார்க்கக்கூடியது அவன் டீம் வெளியூர் போகும் ஆட்டங்கள் மட்டும்தானே, அவை எல்லாம் ஒரே சேனலில் கிடைக்க வேண்டுமென்றால் இப்படித்தான் பிரிக்க முடியும். இது என் ஊகம்தான், ஆனால் வேறு எப்படி யோசித்தாலும் பொருந்தவில்லை. 2014-லிருந்து சில மேட்ச்களை இங்கிருந்து அங்கே மாற்ற ஆரம்பித்தார்கள். 2023-ல் அமலுக்கு வந்த புது ஒப்பந்தத்தோடு (11 வருஷத்துக்கு ஏறத்தாழ 11,000 கோடி டாலர் என்று செய்திகளில் வந்தது) அந்தப் பழைய கணக்கு கிட்டத்தட்டக் காலி.

கட்டாய ஊர்கள் போக மிச்ச நாட்டுக்கு நெட்வொர்க்கே முடிவு செய்கிறது, லீக்கிடமும் கலந்து பேசிக்கொண்டு. பக்கத்து டீம் எது, போன தடவை இந்த ஊரில் எதற்கு ரேட்டிங் வந்தது, எந்த ஆட்டம் கடைசி வரை இழுபறியாகப் போகும், உள்ளூர் ஸ்டேஷன்காரர் என்ன கேட்கிறார், எல்லாம் பார்ப்பார்கள். டீமைவிட ஆளுக்காகப் போடுவதும் உண்டு. மார்கஸ் மரியோட்டா ஹவாயில் பிறந்து வளர்ந்தவர், 2015-லிருந்து 2019 வரை டென்னசி டைட்டன்ஸில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள்). அந்த வருஷங்களில் மேப்பைப் பார்த்தால் டென்னசியைச் சுற்றி ஒரு நிறம், அப்புறம் பசிபிக் நடுவில் ஹவாய் மட்டும் தன்னந்தனியாக அதே நிறத்தில். கிழக்கில் மத்தியானம் ஒரு மணி என்றால் அங்கே காலை ஏழோ எட்டோதான். விடிந்ததும் விடியாததுமாக நாலாயிரம் மைல் தள்ளி நடக்கும் ஆட்டத்தை ஊர்ப் பையனுக்காக எழுந்து பார்த்திருக்கிறார்கள்.

மேப் என்றேனே, ஒவ்வொரு புதன்கிழமையும் 506 ஸ்போர்ட்ஸ் என்ற தளத்தில் அந்த வார மேப் வரும். சி.பி.எஸ்.ஸுக்கு ஒன்று, ஃபாக்ஸுக்கு ஒன்று, மேட்சுக்கு ஒரு நிறம். மழை நிலவரம் பார்க்கிற மாதிரி முதலில் நம் ஊரைத் தேடுவோம். அப்புறம் வேடிக்கை. அயோவா மாதிரி சொந்த டீம் இல்லாத மாநிலத்தில் சுற்றிலும் சிகாகோ, மின்னசோட்டா, கிரீன் பே, கான்சஸ் சிட்டி எனப் பங்காளிகள் நிற்பார்கள், மாநிலம் துண்டு துண்டாகக் கிழிபடும். டெக்சஸில் பெரும்பகுதி டாலஸ் நிறம், ஹூஸ்டன் தன் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். மாலை நாலு இருபத்தைந்து ஆட்டத்துக்கு மேப் பெரும்பாலும் ஒரே நிறமாகிவிடும். பெரும்பாலான வாரங்களில் ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் அடுத்தடுத்து இரண்டு மேட்ச் காட்டும் உரிமை, டபுள்ஹெடர் என்பார்கள். அந்த இரண்டாவது மேட்சைத்தான் கிட்டத்தட்ட நாடு முழுக்கப் போடுவார்கள், பெரிய வர்ணனையாளர்கள் அங்கேதான் இருப்பார்கள். டாலஸ் கௌபாய்ஸ் ஏன் அடிக்கடி அந்த நேரத்தில் வருகிறது என்று கேட்காதீர்கள். திட்டுவதற்காகவே பார்க்கிற கூட்டமும் ரேட்டிங்கில் சேர்த்தி.

வயிற்றெரிச்சல் கிளப்புகிற ஒன்று இன்னும் பாக்கி. ஒரு மணி மேட்ச் உயிரைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு நிமிஷம், வித்தியாசம் மூன்று புள்ளி. திடீரென்று வர்ணனையாளர், லீக் விதிப்படி இந்தப் பகுதி நேயர்கள் இப்போது விடைபெறுகிறார்கள் என்கிறார். படம் மாறுகிறது, இன்னொரு மைதானம். உங்கள் உள்ளூர் டீமின் நாலு மணி ஆட்டம் தொடங்கப் போகிறது என்றால் அதை முதல் உதையிலிருந்தே காட்டியாக வேண்டும், வேறு எது எப்படி இழுபறியில் இருந்தாலும் சரி. அதே சமயம் உள்ளூர் டீமின் ஆட்டம் 40-3 என்று படுத்துக் கிடந்தாலும் கடைசி நொடிவரை அதிலிருந்து நகர முடியாது. மற்ற ஊர்க்காரர்களை மட்டும் நல்ல ஆட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கடைசி நொடிவரை விஷயத்துக்குப் பின்னால் 1968 நவம்பர் 17 இருக்கிறது. ஓக்லண்டில் ரைடர்ஸ், ஜெட்ஸ். 65 நொடி பாக்கி, ஜெட்ஸ் 32-29 என்று முன்னிலை. கிழக்கில் மணி ஏழு. என்.பி.சி. நெட்வொர்க் அட்டவணைப்படி ஆட்டத்தை வெட்டிவிட்டு 'ஹைடி' என்ற குழந்தைகள் படத்தைப் போட்டுவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் ரைடர்ஸ் இரண்டு டச்டவுன் அடித்து 43-32 என்று ஜெயித்தது. படத்தில் ஹைடியின் நடக்க முடியாத உறவுக்காரச் சிறுமி நடக்க முயன்றுகொண்டிருக்கும்போது திரையின் கீழே முடிவு எழுத்தில் ஓடியதாம்! வந்த போன்களில் என்.பி.சி.யின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சே படுத்துவிட்டது. ஆடுகிற டீம்களின் ஊர்களிலாவது ஆட்டத்தை முழுசாகக் காட்ட வேண்டும் என்பது அதற்கப்புறம் ஒப்பந்தங்களில் ஏறியது.

இதையெல்லாம் தாண்டி எனக்கு என் டீம்தான் வேண்டும் என்பவனுக்காகச் சண்டே டிக்கெட் என்று ஒன்று 1994-லிருந்து இருக்கிறது. நம் ஊர் மார்க்கெட்டில் வராத ஞாயிறு பகல் மேட்ச் எல்லாம் அதில் வரும். ரொம்ப வருஷம் டைரக்ட் டி.வி. டிஷ் இருந்தால்தான் கிடைக்கும், நான் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்டில் டிஷ் மாட்டக்கூடாது என்றார்கள். 2023-ல் யூடியூபுக்குப் போனது. யூடியூப் டி.வி. சந்தாதாரருக்கே முதல் சீசன் விலை 349 டாலர், மற்றவர்களுக்கு 449. எனக்கு வேண்டியது ஒரு டீம், விற்பது 32 டீமும் சேர்த்துத்தான், ஒரு டீமை மட்டும் தனியாகத் தரமாட்டான். இது நியாயமில்லை என்று சந்தாதாரர்கள் போட்ட வழக்கில் 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி சுமார் 470 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. ஆகஸ்ட் முதல் தேதி நீதிபதி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார், வழக்குப் போட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

எனக்கும் கோபம் உண்டுதான், ஆனால் முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. 1961-ல் கென்னடி கையெழுத்திட்ட ஒரு சட்டம்தான் இதன் ஆணிவேர். எல்லா டீமும் சேர்ந்து ஒரே மூட்டையாக உரிமையை விற்கலாம், போட்டிச் சட்டம் குறுக்கே வராது என்றது அது. அந்தப் பணம் சரிசமமாகப் பிரிகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே ஊரின் டீமுக்கும் நியூயார்க் டீமுக்கும் ஒரே பங்கு. அவரவர் தனித்தனியாக விற்றிருந்தால் கிரீன் பே என்றைக்கோ மூட்டை கட்டியிருக்கும். அதுபோக, இருபது டாலர் ஆன்டெனா ஒன்று ஜன்னலில் ஒட்டியிருந்தால் உள்ளூர் டீமின் ஞாயிறு பகல் ஆட்டம் இன்றைக்கும் காசில்லாமல் வருகிறது. அமேசானிலும் கேபிளிலும் மட்டும் வருகிற ஆட்டங்களைக்கூட ஆடும் டீம்களின் ஊரில் சாதாரணச் சேனலில் காட்டிவிடுகிறார்கள். இப்படி நினைத்துச் சமாதானம் ஆகும்போதுதான் நம் டீம் நம் ஊர் டீம் இல்லை என்பது ஞாபகம் வரும்.

என் விஷயத்தில் நடந்த கூத்து வேறு. அலெக்ஸ் ஸ்மித் குவார்ட்டர்பேக்காக இருந்த காலத்தில் சீஃப்ஸ் நன்றாகத்தான் ஆடியது, ஆனால் கனெக்டிகட்டில் அதைக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜன்னல் ஜன்னலாக ஆன்டெனாவை மாற்றி மாற்றி வைத்து, ஒரு நாள் வடக்கே மாசசூசெட்ஸ் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்தும்விட்டேன். அங்கேயும் அதே பேட்ரியாட்ஸ். 2018-ல் அந்த இடத்துக்குப் பேட்ரிக் மஹோம்ஸ் வந்தார். ஒரே சீசனில் சீஃப்ஸ் எல்லோருக்கும் வேண்டிய டீம் ஆகிவிட்டது. நாலு இருபத்தைந்தா, ஞாயிறு இரவா, திங்கள் இரவா, எதைத் திருப்பினாலும் அவர்தான். வீட்டில் பையன் ஜயன்ட்ஸ் ரசிகன் (கனெக்டிகட்டில் வளர்ந்த பிள்ளை, வேறென்ன செய்வான்), "மறுபடியும் உங்க டீமா" என்று தலையில் அடித்துக்கொள்கிறான்.

போன புதன்கிழமை பழக்க தோஷத்தில் மேப்பைத் திறந்து, மத்திய மேற்கில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காணோம். அப்புறம்தான் உறைத்தது, இந்த வாரம் சீஃப்ஸ் ஆட்டம் திங்கள் இரவு, மேப்பிலேயே கிடையாது. சரி என்று மூடப் போனவன், ஸ்டாம்ஃபோர்டுக்கு என்ன போட்டிருக்கிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். ஞாயிறு போன் செய்வான்.